சத்தம் குறைந்த ஜெனரேற்றர்: வாங்குமுன் ஒரு கணக்கு



வந்து சேர்ந்த நாட்டில் தொழிற்சாலை வேலை ஒன்று அமைந்து, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்னர் எம்மவர் பலருக்கு வரும் அடுத்த யோசனை ஒன்று உண்டு. சனி ஞாயிறில் கைத்தொழில் ஏதாவது செய்து நாலு காசு சேர்த்தால் என்ன என்பதே அது. ஊரில் தச்சு வேலை பழகியவர், வயரிங் வேலை செய்தவர், மேசனுக்குக் கையாளாக நின்றவர் என்று எம்மிடையே கைவேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. வேலி அடிப்பது, வீட்டின் பின்புறம் மரத்தளம் போடுவது, சாமான் வைக்கச் சிறு கொட்டில் கட்டுவது போன்ற வேலைகளில் அவர்கள் இறங்குகிறார்கள்.

இறங்கிய உடனே ஒரு கேள்வி எழுகிறது. வேலை நடக்கும் இடத்தில் மின்சாரம் இல்லை. ஜெனரேற்றர் ஒன்று வேண்டும். அது அயலவர் முறைப்பாடு செய்யாத அளவுக்குச் சத்தம் குறைந்ததாகவும், எங்கள் கைக்கு அடங்கும் விலையிலும் இருக்க வேண்டும். எதை வாங்குவது?

இதற்கு ஒரு கம்பனியின் பெயரைச் சொல்லி முடித்துவிட எமக்கு விருப்பமில்லை. கடைக்குப் போகுமுன் ஒரு கடதாசியும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடுங்கள் என்பதே எமது முதற் பதில். கணக்குப் போடாமல் போகிறவர், ஒன்றில் தேவைக்கு மேல் பெரிதாக வாங்கிச் சத்தத்தோடு மல்லுக்கட்டுவார். அல்லது மலிவாக வாங்கி இரண்டாம் முறையும் காசு கொடுப்பார். கனடாவை, குறிப்பாக ஒன்ராறியோ மாகாணத்தை மனதில் வைத்தே இதனை எழுதுகிறோம். மற்ற நாடுகளில் இருக்கும் வாசகர்கள் அங்கத்தைய மின் அளவையும் சட்டத்தையும் கேட்டறிந்து கொள்ளவும்.

வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் இதைக் கேட்டுப் பாருங்கள். ஆள் குடியிருக்கும் வீட்டில் வேலை என்றால், வீட்டுக்காரரிடம் வெளிச்சுவர்ப் பிளக் ஒன்றைப் பாவிக்க அனுமதி கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. விலை பேசும்போதே அதையும் பேசிக்கொள்ளுங்கள். அங்கே ஜெனரேற்றருக்கு வேலையே இல்லை.

இரண்டாவது வழி பற்றரியில் இயங்கும் கருவிகள். துளை போடவும், ஸ்குரூ முடுக்கவும், சிறு பலகை அரியவும் இன்று பற்றரிக் கருவியே போதும். நாலு பற்றரியை இரவில் வீட்டில் சார்ஜ் செய்து கொண்டுபோனால் ஒரு நாள் வேலை ஓடிவிடும்.

மூன்றாவது வழி, பெட்டி போல வரும் பெரிய லிதியம் பற்றரி. அதில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை. "அது எத்தனை நேரம் தாங்கும்?" என்று பலர் தயங்குகிறார்கள். கணக்குப் பார்ப்போம். மரம் அரியும் வட்ட வாள் ஒன்று அரியும்போது ஏறக்குறைய 1400 வாற்று எடுக்கும். ஒரு வெட்டுக்கு 10 விநாடி என்று வைத்தால், நூறு வெட்டுக்கு 1000 விநாடி, அதாவது 17 நிமிடம் அளவில். அதற்குச் செலவாகும் சக்தி 400 வாற்று மணிக்கும் குறைவு. இடையில் ஏற்படும் இழப்பைச் சேர்த்தாலும் 500க்குள் அடங்கும். எனவே 1000 வாற்று மணிப் பெட்டி ஒன்று வேலி வேலைக்கு ஒரு நாள் ஈடுகொடுக்கும். வாங்கும்போது அந்தப் பெட்டி ஒரே நேரத்தில் எத்தனை வாற்று கொடுக்கும் என்பதையும் பாருங்கள். சேமித்து வைக்கும் அளவு வேறு, ஒரே நேரத்தில் கொடுக்கும் அளவு வேறு.

ஆனால் நாள் முழுவதும் அரிகிற வேலை, காற்றழுத்தி ஓட்டுகிற வேலை, கிட்டத்தில் சார்ஜ் செய்ய வழியில்லாத இடம் என்றால் ஜெனரேற்றர்தான் கைகொடுக்கும். அதற்கு வருவோம்.

வாற்றுக் கணக்கு

ஒவ்வொரு கருவியின் உடம்பிலும் சிறு தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் அம்பியர் அளவு எழுதியிருக்கும். இந்த நாட்டுப் பிளக்கில் வருவது 120 வோல்ற்று. அம்பியரை 120ஆல் பெருக்கினால் வாற்று. 5 அம்பியர் ட்றில் என்றால் 600 வாற்று. 15 அம்பியர் வாள் என்றால் 1800 வாற்று. இது அந்த வாள் முழுப்பலத்தில் எடுக்கும் அளவு. சாதாரண பலகை அரியும்போது அதிலும் குறையும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைவிடக் கூடுதலாக இழுக்கும். நின்ற வண்டிலைத் தள்ளித் தொடக்கும்போது படும் பாடு, உருளத் தொடங்கிய பின் இல்லை அல்லவா? அதுபோலத்தான். ஓடும்போது 1400 வாற்று எடுக்கும் வட்ட வாள் தொடங்கும்போது 2300 வரை இழுக்கக்கூடும். ட்றில் 600இல் ஓடினால் 900இல் தொடங்கும். எல்லாவற்றிலும் பொல்லாதது காற்றழுத்தி. ஒரு குதிரைவலுக் காற்றழுத்தி ஏறக்குறைய 1600 வாற்றில் ஓடும். ஆனால் தொடங்கும்போது 4000க்கு மேலும் கேட்கும்.

இப்போது கணக்கு. ஒரே நேரத்தில் எவை எவை ஓடும் என்று எழுதுங்கள். அவற்றின் ஓடும் வாற்றைக் கூட்டுங்கள். அவற்றுள் மிகப் பெரிய கருவி தொடங்கும்போது மேலதிகமாக இழுக்கும் அளவை மட்டும் அதோடு சேருங்கள். எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் தொடங்குவதில்லை என்பதால் எல்லாவற்றினதும் தொடக்க அளவைக் கூட்ட வேண்டியதில்லை.

ஒரு உதாரணம். அண்ணன் தம்பி இருவர் வேலி அடிக்கும் வேலை எடுக்கிறார்கள் என்று வைப்போம். அண்ணன் வாள் பிடிக்கிறார், தம்பி பற்றரி ட்றிலால் ஸ்குரூ முடுக்குகிறார். ஜெனரேற்றரில் ஓடுவது வாள் 1400, பற்றரி சார்ஜர் 200 என்று வைத்தால் கூட்டு 1600. வாள் தொடங்கும் கணத்தில் மேலதிகம் 900. ஆக உச்சம் 2500. சார்ஜரை வாள் ஓடாத நேரத்தில் மாட்டினால் உச்சம் 2300க்கு இறங்கும். இது சந்தையில் 2000 வாற்று வகை எனப்படும் சிறு ஜெனரேற்றரின் எல்லையில் வருகிறது. வாளின் தொடக்க உதைப்பு ஒரு கணத்தில் அடங்கிவிடுவதாலும், மெதுவாகத் தொடங்கும் வசதி கொண்ட வாள்கள் இப்போது கிடைப்பதாலும் அந்த வகையிலேயே சமாளிக்கலாம். ஈரமான தடித்த மரத்தை அவசரப்பட்டு அரிந்தால் மட்டும் பாதுகாப்பு ஆளி விழும். பொறுமையாக அரிந்தால் விழாது.

அதே இருவர் ஆணி அடிக்க ஒரு குதிரைவலுக் காற்றழுத்தியையும் கொண்டுவந்தால் கணக்குத் தலைகீழாகிறது. அந்த ஒன்றுக்காகவே 5000 வாற்று வகைக்குப் போக வேண்டும். விலை கூடும், பாரம் கூடும், சத்தமும் கூடும். இந்த இடத்தில்தான் யோசிக்க வேண்டும். ஜெனரேற்றரைப் பெரிதாக்குவதா, காற்றழுத்தியைச் சிறிதாக்குவதா? அரைக் குதிரைவலுவிலும் சிறிய காற்றழுத்தியோ, பற்றரியில் ஆணி அடிக்கும் கருவியோ வாங்குவது அநேகமாக மலிவாக முடியும். ஒரு கருவியை மாற்றினால் ஒரு ஜெனரேற்றரின் அளவே குறைந்துவிடும் என்பதை மறக்காதீர்கள்.

பெட்டியில் உள்ள பெரிய எழுத்து

கடையில் பெட்டியின் மேல் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் உச்ச வாற்று. அது சில கணங்களுக்கு மட்டும் கொடுக்கக்கூடியது. தொடர்ந்து கொடுப்பது சிறிய எழுத்தில் பக்கத்தில் இருக்கும். உதாரணமாக ஹொண்டாவின் 2200 என்ற பெயருள்ள சிறு ஜெனரேற்றர் உச்சத்தில் 2200 வாற்று, தொடர்ந்து 1800 வாற்று கொடுக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவது எண்ணை. அதிலும் முக்கால்வாசிக்கு மேல் நெடுநேரம் தொடர்ந்து வாங்காமல் விட்டால் இயந்திரம் நீண்டகாலம் உழைக்கும்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கருவிகள், ஐரோப்பாவிலுள்ள உறவினர் அன்பளிப்பாகக் கொடுத்த கருவிகள் 230 வோல்ற்றில் இயங்குபவை. அவை இங்கத்தைய 120 வோல்ற்றுக்குச் சரிவராது. அவற்றை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

பழைய மாதிரி ஜெனரேற்றர், அதாவது இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் இயந்திரம் வெளியே தெரிய நிற்கும் வகை, நிமிடத்திற்கு 3600 சுற்றுச் சுற்றியே ஆக வேண்டும். இந்த நாட்டு மின்சாரம் விநாடிக்கு 60 தடவை மாறுவது. இயந்திரம் விநாடிக்கு 60 சுற்றுச் சுற்றினால்தான் அந்தக் கணக்குச் சரிவரும். வாள் ஓடினாலும் ஓடாவிட்டாலும், நீங்கள் தேநீர் குடித்துக்கொண்டு நின்றாலும் அது ஒரே வேகத்தில் இரைந்துகொண்டே இருக்கும்.

இன்வேர்ட்டர் வகை வேறு மாதிரி. அதில் இயந்திரம் உண்டாக்கும் மின்சாரத்தை முதலில் நேரோட்டமாக்கி, பின்னர் மின்னணுச் சுற்று ஒன்று அதனை 60 தடவை மாறும் சீரான மின்சாரமாக அமைத்துக் கொடுக்கிறது. ஆகவே இயந்திரம் எந்த வேகத்தில் சுற்றினாலும் பரவாயில்லை. வேலை குறைந்தால் வேகம் குறையும். சத்தமும் எரிபொருளும் சேர்ந்து குறையும். இயந்திரம் முழுவதும் உறைக்குள் மூடியிருப்பதும் சத்தத்தை அடக்குகிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. வாள் மரத்தில் ஓடும்போது அதன் சத்தமே எல்லாவற்றையும் மூடிவிடும். அந்த நேரத்தில் ஜெனரேற்றரின் சத்தம் ஒருவருக்கும் கேட்காது. அயலவரைக் கோபப்படுத்துவது, வெட்டுக்கும் வெட்டுக்கும் இடையில், அளவெடுக்கும்போதும் பலகை தூக்கும்போதும் நாள் முழுவதும் விடாமல் கேட்கும் இரைச்சல். இன்வேர்ட்டர் அடங்கிப்போவது சரியாக அந்த இடைவெளியில்தான். இதற்காகவே கைக்கருவி வேலைக்கு அந்த வகையை நாம் சிபாரிசு செய்கிறோம்.

வேகத்தைத் தானாகக் குறைக்கும் ஆளி ஒன்று அதில் இருக்கும். சார்ஜர், விளக்கு, ட்றில் ஓடும்போது அதைப் போட்டு வையுங்கள். பெரிய பலகைகளைத் தொடர்ந்து அரியும்போது அணைத்து விடுங்கள். இல்லாவிட்டால் வாளின் ஆளியை அழுத்தியதும் இயந்திரம் விழித்து வேகமெடுக்கச் சற்றுத் தாமதிக்கும், வாள் திணறும்.

சத்தத்தை டெசிபெல் என்ற அளவில் சொல்வார்கள். 10 டெசிபெல் கூடினால் எமது காதுக்கு ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும். திறந்த சட்டத்து ஜெனரேற்றர்கள் பல 7 மீற்றர் தூரத்தில் 70 டெசிபெலுக்கு மேல் போகின்றன. மேலே சொன்ன ஹொண்டாவின் அளவு சுமை குறையும்போது 48, முழுச் சுமையில் 57. விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் கால் பங்குச் சுமையில் எடுத்த சிறிய எண். முழுச் சுமையில் எவ்வளவு, எத்தனை மீற்றர் தூரத்தில் அளந்தது என்று இரண்டையும் கேளுங்கள். கேட்காமல் இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவது, ஒன்றை இறாத்தலிலும் மற்றதைக் கிலோவிலும் நிறுப்பது போலாகும்.

காசில்லாமல் சத்தத்தைக் குறைக்கும் வழி

தூரம்தான் மிக மலிவான சத்தம் குறைப்பான். வெட்ட வெளியில் தூரம் இருமடங்கானால் 6 டெசிபெல் குறையும். 7 மீற்றரில் 57 என்றால் 14 மீற்றரில் 51. எனவே ஜெனரேற்றரைக் காலடியில் வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டாம். நல்ல நீட்டு வயர் ஒன்று வாங்கித் தள்ளி வையுங்கள். புகைக் குழாயின் வாய் எந்த வீட்டின் யன்னலையும் பாராமல் வெட்ட வெளியைப் பார்க்கட்டும்.

வயரில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இங்கே வயரின் தடிப்பைக் கேஜ் என்று சொல்வார்கள். எண் சிறிதானால் வயர் தடிப்பு. எண் பெரிதானால் வயர் மெல்லியது. 15 அம்பியர் வாளுக்கு 50 அடி நீளம் என்றால் 14 கேஜ், 100 அடி என்றால் 12 கேஜ் வேண்டும். முற்றத்து அலங்கார விளக்குக்கு விற்கும் 16 கேஜ் வயரில் பெரிய வாளை ஓட்டினால் வயர் சூடேறும், வாளின் பலம் குறையும், மோட்டார் கருகும். வெளிப்பாவனைக்கு உரியது என்ற குறிப்பும் வயரில் இருக்க வேண்டும்.

நேரமும் சத்தக் கணக்கில் சேரும். ரொறன்ரோ மாநகரச் சட்டப்படி கட்டட வேலைச் சத்தம் மாலை 7 மணி முதல் மறுநாள் காலை 7 மணி வரை கூடாது. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பின்னரே தொடங்கலாம். ஞாயிற்றுக்கிழமையும் அரச விடுமுறை நாட்களிலும் முழு நாளும் கூடாது. சனி ஞாயிறை நம்பித் தொழில் தொடங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். எவ்வளவு அமைதியான ஜெனரேற்றர் வைத்திருந்தாலும் ஞாயிறு வாளுக்கு அனுமதி இல்லை. முறைப்பாடு செய்ய 311 என்ற மூன்று எண்ணை அழுத்தினால் போதும். மற்ற நகரங்களில் நேரம் மாறுபடும். வேலை எடுக்குமுன் அந்த நகரசபையில் கேளுங்கள். வேலை தொடங்கும் நாளில் இரண்டு பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டி, "இன்று இத்தனை மணி வரை சத்தம் இருக்கும்" என்று ஒரு சொல் சொல்லி வைப்பது மிகுந்த பலன் தரும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. சொன்னவனோடு சண்டை பிடிக்க யாருக்கும் மனம் வராது.

விலை

ஹொண்டா, யமஹா போன்ற பெயர்பெற்ற இன்வேர்ட்டர்கள் 2000 வாற்று வகையிலேயே ஆயிரம் டொலருக்கு மேல் வரும். கடைகளின் சொந்தப் பெயரிலும் புதிய பெயர்களிலும் வரும் அதே அளவு இன்வேர்ட்டர்களை ஏறக்குறைய பாதி விலைக்குக் காணலாம். கனேடியன் ரயர், பிறின்ஸஸ் ஓட்டோ போன்ற கடைகளின் விலைத்தாள்களைச் சில வாரம் பார்த்துவந்தால் மலிவு விற்பனை தெரியும். விலைச்சீட்டில் உள்ளதோடு ஒன்ராறியோவில் 13 வீத எச்.எஸ்.ரி. வரி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மலிவானதை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் மூன்றைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை வருடம்? திருத்தும் இடம் இந்த ஊரில் உண்டா? சீ.எஸ்.ஏ. போன்ற கனடிய அங்கீகார முத்திரை உடம்பில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

கையில் காசு குறைந்தவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாடகை. ஹோம் டிப்போ போன்ற கடைகளில் கருவிகள் நாள் வாடகைக்குக் கிடைக்கும். மாதம் ஒரு வேலைதான் என்றால் வாடகையே இலாபம். வாங்கும் எண்ணம் உள்ளவர்களும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தங்கள் வாளை அதில் மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீரும். மற்றது, இரண்டை இணைத்து ஓட்டும் வசதியுள்ள இன்வேர்ட்டரை வாங்குவது. இன்று ஒன்று வாங்கி, தொழில் பெருகியபின் அதே வகையில் இன்னொன்று வாங்கி இணைவயரால் சேர்த்தால் இரண்டின் பலமும் கிடைக்கும். ஒன்றை ஒருவர் தனியே தூக்கலாம். கடன் அட்டையில் பெரியதொன்றை எடுத்து வட்டி கட்டுவதிலும் இது மேல்.

பாவித்ததை வாங்குகிறவர்கள் பகலில் போங்கள், துணைக்கு ஒருவரோடு போங்கள். இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். உங்களுக்குமுன் சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் தொடங்கச் சிரமப்படுகிறது என்று சந்தேகப்படலாம். கயிற்றை நீங்களே இழுத்துத் தொடக்குங்கள். 1500 வாற்று மின் வெப்பமாக்கி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கால்மணி நேரம் ஓடவிடுங்கள். எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். வாங்கிய ரசீதைக் கேளுங்கள். களவுப் பொருளாக இருந்தால் காசும் போகும், பொருளும் போகும், பெயரும் கெடும். இன்வேர்ட்டரின் மின்னணுச் சுற்றுப் பழுதானால் திருத்தும் செலவு பாவித்ததன் விலையையே எட்டிவிடக்கூடும். ஓடாததைத் "திருத்தி எடுக்கலாம்" என்று நம்பி வாங்க வேண்டாம்.

உயிரோடு சம்பந்தப்பட்டது

இதுவரை சொன்னதெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஊரில் எமது வீடுகள் மூச்சுவிடும் வீடுகள். ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காற்றுப் போகும். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் கிணற்றடியில், வெட்ட வெளியில் நின்றது. அதன் புகையை நாம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. இங்கத்தைய வீடு குளிருக்காக இறுக்கி மூடிய போத்தல் மாதிரி. அந்தப் பழைய பழக்கம் இங்கே ஆளைக் கொல்லும்.

பெற்றோல் இயந்திரத்தின் புகையில் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வயிற்றைப் பிரட்டல் என்று தொடங்கும்; களைப்பு என்று படுத்தவர் எழும்பமாட்டார். சிறு ஜெனரேற்றர் ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான கார்களின் அளவுக்கு இந்த வாயுவை வெளிவிடக்கூடும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. 2013 டிசம்பரில் பனிக்கட்டிப் புயல் வீசி ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் அறுந்தபோது, கரி அடுப்பையும் ஜெனரேற்றரையும் உள்ளே வைத்தவர்களின் வீடுகளுக்குத் தீயணைப்புப் படையினர் ஓட வேண்டி வந்தது.

சத்தம் குறைந்த ஜெனரேற்றரில் ஒரு தனி ஆபத்தும் உண்டு. இரைச்சலாக இருப்பதை யாரும் வீட்டுக்குள் வைக்க நினைக்கமாட்டார்கள். அமைதியாக ஓடுவதைக் கண்டதும், "கராஜுக்குள் வைத்தால் மழை படாது, களவு போகாது, சத்தமும் கேட்காது" என்று தோன்றும். கூடவே கூடாது. கராஜ் கதவு முழுவதும் திறந்திருந்தாலும் கூடாது. பேஸ்மென்ற், கொட்டில், மூடிய வான் எங்கும் கூடாது. அரைகுறையாகக் கட்டிய வீட்டுக்குள்ளும் கூடாது. கதவு, யன்னலிலிருந்து குறைந்தது 6 மீற்றர், அதாவது 20 அடி தள்ளி வெளியில்தான் வைக்க வேண்டும். சத்தத்துக்காகத் தள்ளி வைக்கச் சொன்ன அதே தூரம் இங்கே உயிரையும் காக்கிறது.

சில ஜெனரேற்றர்களில் நச்சு வாயு கூடினால் தானாக நின்றுவிடும் உணர்கருவி இருக்கிறது. கொஞ்சம் காசு கூடினாலும் அந்த வகையையே வாங்குங்கள். வீட்டில் படுக்கை அறைகளுக்கு அருகே நச்சு வாயு எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். எரிபொருளில் இயங்கும் வெப்பமாக்கியோ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில் அது ஒன்ராறியோ சட்டப்படி கட்டாயம். வாடகை வீட்டில் அதைப் பொருத்தித் தருவது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

இன்னொன்று. மின்வெட்டு நேரத்தில் ஜெனரேற்றரின் வயரை வீட்டுச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்கு ஏறும். கம்பி திருத்த ஏறிய தொழிலாளி அதில் உயிரை விடலாம். வீட்டோடு இணைப்பதென்றால் அனுமதிப்பத்திரம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒருவர்தான் அதற்குரிய மாற்று ஆளியைப் பொருத்த வேண்டும்.

காஸ் என்றால் பெற்றோல்

புதிதாக வந்தவர்களைக் குழப்பும் சொல் இது. இங்கே காஸ் என்று பேசுவது பெற்றோலை. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபின் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நாம். ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும் நாம்தான். அந்தக் கெட்டித்தனம் அன்று எம்மை வாழவைத்தது. இந்த ஜெனரேற்றரில் அதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம். புதுப் பெற்றோலை மட்டும் விடுங்கள். இயந்திரம் ஆறிய பின்னரே விடுங்கள்.

புது ஜெனரேற்றர் பெட்டியிலிருந்து வரும்போது அதில் எண்ணெய் இருக்காது. எண்ணெய் விடாமல் தொடக்கினால் அன்றே அதன் கதை முடிந்துவிடும். முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின் எண்ணெயை மாற்றுங்கள். மாரிகாலத்துக்கு மூடி வைக்குமுன் தாங்கியை வெறுமையாக்கி, இயந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நின்ற பெற்றோல் பிசினாகி எரிபொருள் வழியை அடைத்துவிடும். வசந்தகாலத்தில் கயிறு இழுத்துக் கை சோர்ந்து, "வாங்கியது கூடாத சாமான்" என்று ஏசுகிறவர்களில் பலருடைய ஜெனரேற்றருக்கு இருக்கும் வருத்தம் இதுதான்.

ஆக, கடைக்குப் போகும்போது உங்கள் சட்டைப் பையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கட்டும். அதில் நாலு வரி: ஓடும் வாற்று எவ்வளவு, தொடங்கும் வாற்று எவ்வளவு, முழுச் சுமையில் சத்தம் எவ்வளவு, வரியோடு கையிலுள்ள காசு எவ்வளவு. அந்தக் காசில் தடித்த நீட்டு வயருக்கும் எச்சரிக்கைக் கருவிக்கும் முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் ஜெனரேற்றர். விற்பனையாளர் எதைக் காட்டினாலும் கடதாசியைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.